ஒரே ஒரு கையெழுத்து

மாமல்லபுரத்தில் ஐந்து ரதங்களைக் காணச் செல்வோர், அவற்றுள் மிகச் சிறியதாகிய திரௌபதி ரதத்தின் முன் நீண்ட நேரம் நிற்பதில்லை. ஓலைக் குடிசையின் கூரையைக் கல்லில் வடித்தது போன்ற அச்சிறு கோயிலை ஒரு முறை பார்த்துவிட்டு, அருகிலுள்ள கல் யானையிடம் சென்றுவிடுகிறார்கள். பல்லவச் சிற்பிகள் அதனைத் துர்க்கைக்காகவே செதுக்கினார்கள். திரௌபதியின் பெயர் பிற்காலத்தார் இட்டது. ஆயினும் அப்பெயர் காதில் விழுந்தவுடன் கௌரவர் சபை நம்மவர் எவருக்கும் நினைவுக்கு வராமல் இராது. பாரதியார் தமது பாஞ்சாலி சபதத்தில் அச்சபையை நம் தேசத்தின் கதையாகவே பாடிவைத்தார் அல்லவா?

அச்சபையில் பாஞ்சாலி செய்தது கண்ணீர் மல்கிய முறையீடு மட்டுமன்று. அவள் ஒரு சட்டக் கேள்வியும் கேட்டாள். தம்மையே முதலில் தோற்று அடிமையாகிவிட்ட ஒருவருக்கு, அதன் பின்னர் மனைவியைப் பணயம் வைக்கும் உரிமை ஏது என்று வினவினாள். தர்மத்தின் போக்கு நுட்பமானது என்று கூறிப் பீஷ்மரும் நேரான விடையிலிருந்து நழுவினார். பெண் ஒருவனுடைய உடைமையா என்பது அன்று எழுந்த வினா. பெண்ணுக்கென்று உடைமை உண்டா என்பது அதனுடன் பிறந்த இரட்டை. இவ்விரண்டாவது வினா இன்று அதே கடற்கரையில் நாள்தோறும் எழுந்துகொண்டிருக்கிறது.

மாமல்லபுரத்துக்கு வடக்கிலும் தெற்கிலும் கடற்கரைச் சாலையோரம் சவுக்கும் பனையும் தவிர வேறொன்றும் விளையாது என்று முன்பு ஒதுக்கப்பட்ட மணல் நிலங்கள் பல உண்டு. இன்று அவை சதுர அடிக் கணக்கில் விலை பேசப்படுகின்றன. நிலத்தை வாங்க வருகிறவர் முதலில் கேட்பது வாரிசுச் சான்றிதழ். அதில் மகன்களின் பெயரோடு மகள்களின் பெயரும் இருக்கின்றன. அப்போதுதான், பல ஆண்டுகளாக யாரும் தேடாத சகோதரிகளைத் தேடிக்கொண்டு கார்கள் புறப்படுகின்றன.

கச்சேரி வாசலில்

செங்கற்பட்டு மாவட்டத்தில் ஒரு ரிஜிஸ்திரார் கச்சேரி. அதன் வாசலில் அண்மையில் ஒரு காலை நாம் காத்திருந்தபோது கண்ட காட்சியைச் சொல்கிறோம். ஐம்பது வயதை நெருங்கிய ஓர் அம்மாள், தம் தாயாரோடும் தம்பியோடும் வேப்ப மரத்தடியில் நின்றிருந்தார். பத்திரம் எழுதுபவர் தாள்களை அடுக்கிக் கொடுத்தார்.

"அக்கா, இங்கே ஒரே ஒரு கையெழுத்து. உள்ளே போனால் ரேகை வைக்கச் சொல்வார்கள். அவ்வளவுதான்" என்றார் தம்பி.

"இதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லேன், தம்பி" என்றார் அம்மாள்.

"என்ன அக்கா, என்மேல் நம்பிக்கை இல்லையா?"

தாயார் குறுக்கிட்டார்: "உனக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் அப்பா கலியாணத்தின் போதே செய்துவிட்டாரடி. இவன்தானே எங்களைக் கடைசி வரை பார்த்தான்?"

அம்மாள் மறுபேச்சின்றிக் கையெழுத்திட்டார். அது விடுதலைப் பத்திரம். தந்தையின் சொத்தில் தமக்குரிய பாகத்தைத் தம்பிக்கு விட்டுக் கொடுத்ததாக எழுதப்பட்ட சாசனம். வெளியே வந்ததும் தம்பி அக்காவுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார். அன்பில்லாத தம்பி என்று அவரைச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

"கலியாணத்தின் போதே செய்தாயிற்று" என்ற அந்த வாக்கியம் மட்டும் நம் மனத்தைவிட்டு அகலவில்லை. அது நம் நாட்டில் மட்டும் பேசப்பட்ட வாக்கியமா? இல்லை என்பதற்குச் சான்றுகள் மேல்நாட்டுச் சட்ட நூல்களில் நிறைந்து கிடக்கின்றன. அவற்றுள் ஒன்றுக்கு இக்கடற்கரையிலேயே வழி இருக்கிறது.

சதுரங்கப்பட்டினத்து ஒல்லாந்தர்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே சில மைல் தொலைவில் உள்ளது சதுரங்கப்பட்டினம். இங்கே ஒல்லாந்தர் கட்டிய செங்கற் கோட்டையின் மதில்களும், சித்திர வேலைப்பாடமைந்த கல்லறைகளும் இன்றும் இருக்கின்றன. இப்பக்கத்து நெசவாளர்களின் மெல்லிய துணிகளை நாடி வந்த அவ்வணிகர்கள் தங்கள் நாட்டுச் சட்டத்தையும் உடன் கொண்டு வந்தார்கள். அச்சட்டப்படி மகனும் மகளும் பெற்றோர் சொத்தைச் சமமாகப் பகிர்ந்துகொள்ளலாம். கணவன் மனைவியின் உடைமைகள் பொதுவானவை. ஆனால் அப்பொது உடைமையை ஆளும் அதிகாரம் கணவனுக்கே. மனைவி அவனுடைய பாதுகாப்பில் உள்ள மைனரைப் போன்றவள். ஒல்லாந்து தேசத்தில் இந்நிலை 1957-ஆம் ஆண்டு தொடங்கும்வரை நீங்கவில்லை.

இதே ஒல்லாந்தர் 1658-இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தனர். அங்குள்ள தமிழரின் வழக்கங்களைக் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி திரட்டி எழுத, 1707-இல் அது தேசவழமை என்ற சட்டத் தொகுப்பாயிற்று. அதில் சொத்து மூன்று வகை: முதுசம், சீதனம், தேடியதேட்டம். பெண்ணுக்குச் சீதனம் கொடுத்தாயிற்று என்றால், சகோதரர் இருக்கும்போது எஞ்சிய சொத்தில் அவளுக்குப் பாத்தியதை இல்லை என்பது அதன் விதி. ஆங்கிலேயர் ஆட்சியில் 1911-இல் பிறந்த யாழ்ப்பாணச் சட்டமோ, மணமான பெண் தன் சொந்த நிலத்தை விற்பதற்கும் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்று விதித்தது. கச்சேரி வாசலில் அந்தத் தாயார் சொன்ன வாக்கியம் யாழ்ப்பாணத்தில் சட்டமாகவே எழுதப்பட்டிருந்தது.

பிளாரன்ஸும் நார்மண்டியும்

மேல்நாட்டிலும் இதே நியாயம்தான். இத்தாலியில் பிளாரன்ஸ் நகரம் கலைகளுக்குத் தாயகம் என்று போற்றப்படுகிறது. 15-ஆம் நூற்றாண்டில் அந்நகரத்துச் சட்டம், சீதனம் பெற்ற மகளுக்குச் சகோதரர் இருக்கையில் தந்தையின் சொத்தில் பங்கில்லை என்று கூறிற்று. 1425-இல் நகர ஆட்சியினர் ஒரு சீதன நிதியே தொடங்கினர். பெண் குழந்தையின் பெயரில் தகப்பனார் பணம் கட்டி வைத்தால், அது வளர்ந்து கலியாணத்தின்போது சீதனமாகும். பெண்ணைப் பெற்றவர் படும் கவலை நம் ஊருக்கே உரியது என்று எண்ணுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பிரான்ஸ் தேசத்தின் நார்மண்டி மாகாணத்து வழக்கம் இன்னும் கடுமையானது. சகோதரர் உள்ள பெண்ணுக்குப் பங்கில்லை; கலியாணச் செலவுக்கு உரியது மட்டுமே உண்டு. ரோஜாப் பூமுடி ஒன்றைச் சூட்டிப் பெண்ணை அனுப்பிவிட்டாலும் போதும் என்று அந்நாட்டுச் சில பகுதிகளில் ஒரு சட்ட வழக்கே நிலவியது. 1789-இல் புரட்சி வெடித்தது. 1791-இல், உயில் எழுதாமல் இறந்தவரின் பிள்ளைகள் யாவருக்கும் சம பங்கு என்ற சட்டம் வந்தது. 1794 ஜனவரியில் வந்த சட்டம் அதனை 1789 ஜூலைக்கே பின்னோக்கி அமலாக்கிற்று. நார்மண்டிப் பெண்கள் சகோதரர்கள்மேல் வழக்குத் தொடுத்தார்கள். குடும்பங்கள் சிதறுகின்றன என்று கூக்குரல் எழுந்தது. 1795-இல் பின்னோக்கிய அமல் ரத்தாயிற்று. 1804-இல் நெப்போலியனின் சட்டத் தொகுப்பு மகளின் சம பங்கை நிலைநிறுத்திவிட்டு, மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று மறுபுறம் எழுதிற்று. மகளாக வென்றதை மனைவியாகத் தோற்றாள் பிரெஞ்சுப் பெண். கணவன் சம்மதமின்றி அவள் பாங்கியில் கணக்குத் தொடங்குவதற்கு 1965 வரை காத்திருக்க நேர்ந்தது.

இங்கிலாந்து நமக்குச் செய்த உபகாரம்

நம்மை ஆண்ட இங்கிலாந்தின் கதை என்ன? புருஷனும் மனைவியும் சட்டத்தின் கண்ணுக்கு ஒரே நபர் என்று 1765-இல் பிளாக்ஸ்டன் எழுதினார். அந்த ஒரே நபர் புருஷன்தான் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மனைவியின் நகையும் பணமும் கூலியும் அவனுடையவை. டிரஸ்டு எழுதிவைக்க வசதியுள்ள செல்வர் வீட்டுப் பெண்களுக்கு மட்டுமே தப்ப வழியிருந்தது. தன் சம்பாத்தியத்தைத் தன்னுடையது என்று சொல்லும் உரிமையை 1870-ஆம் ஆண்டுச் சட்டம் அளித்தது. முழுச் சொத்துரிமையை 1882-ஆம் ஆண்டுச் சட்டம் அளித்தது. உயிலில்லாத நிலம் மூத்த மகனுக்கே என்ற விதி 1925 முடியும்வரை நீடித்தது.

அதே காலத்தில் லண்டன் பிரிவி கவுன்சில் நீதிபதிகள் நம் மிதாக்ஷரத்தை வியாக்கியானம் செய்துகொண்டிருந்தார்கள். ஏறக்குறைய 900 ஆண்டுகளுக்கு முன் அதனை இயற்றிய விஞ்ஞானேசுவரர், வாரிசாகப் பெற்றதும் விலைக்கு வாங்கியதும் பாகத்தில் கிடைத்ததும் ஆகிய எல்லாமே ஸ்திரீதனம் என்று விரிவாகப் பொருள் கூறியிருந்தார். 1867-இலும் 1878-இலும் வந்த தீர்ப்புகளில் பிரிவி கவுன்சில் அதனைக் குறுக்கியது. விதவை கணவனிடமிருந்தும் மகள் தந்தையிடமிருந்தும் வாரிசாகப் பெற்ற சொத்து அவர்களுக்கு ஆயுட்காலம் வரையிலான வரம்புக்குட்பட்ட உரிமையே. விற்கவோ தம் வாரிசுக்கு விடவோ முடியாது என்று தீர்ந்தது. தம் நாட்டு மனைவிமாருக்கு அதுவரை முழுச் சொத்துரிமை வழங்காதவர்கள், நம் நாட்டுப் பெண்களுக்கிருந்த சிறிதையும் சுருக்கினார்கள்.

இதனால் பழைய காலம் பொற்காலம் என்று நாம் சாதிக்க வரவில்லை. பிறந்தவுடன் குடும்பச் சொத்தில் பாத்தியதை மகனுக்கு மட்டுமே என்று வைத்ததும் அதே மிதாக்ஷரந்தான். பங்காளிகளைக் குறிக்க ஆங்கில நீதிபதிகள் 'கோபார்சனர்' என்ற சொல்லைக் கையாண்டார்கள். அவர்கள் நாட்டில் அது பெரும்பாலும் ஆண் வாரிசு இல்லாதபோது நிலத்தைக் கூட்டாகப் பெறும் பெண்மக்களைக் குறித்த சொல்! இங்கே அச்சொல்லின் கதவு பெண்களுக்கு அடைக்கப்பட்டது. அதைத் திறக்க வேண்டும் என்ற குரல் எழுந்த ஊர்களில் ஒன்று, நாம் இதுவரை பேசிய கடற்கரைக்கு மேற்கே திருக்கழுக்குன்றத்தைத் தாண்டி, கொளவாய் ஏரிக்கரையில் இருக்கும் செங்கற்பட்டே.

1929

1929-ஆம் ஆண்டு பிப்ரவரி 17, 18 தேதிகளில் செங்கற்பட்டில் முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு கூடிற்று. தலைவர் டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன், முன்னின்று நடத்தியவர் ஈ. வெ. ராமசாமிப் பெரியார். ஆண்களைப் போலவே பெண்களுக்கும் சம சொத்துரிமையும் வாரிசு உரிமையும் வேண்டும், எந்தத் தொழிலிலும் ஈடுபடச் சம உரிமை வேண்டும் என்று அங்கே தீர்மானம் நிறைவேறியது. தேசிய இயக்கத்தாருக்கும் சுயமரியாதை இயக்கத்தாருக்கும் அக்காலத்தில் பல விஷயங்களில் ஏழாம் பொருத்தம். ஆயினும் அதே 1929 அக்டோபரில் மகாத்மா காந்தியும் 'யங் இந்தியா' பத்திரிகையில், பெண்களின் உரிமை விஷயத்தில் தாம் விட்டுக்கொடுக்கப் போவதில்லை என்றும், மகனையும் மகளையும் முழுச் சமமாகவே நடத்த வேண்டும் என்றும் கருத்துரைத்தார். எதிரெதிர்த் திசையில் சென்ற இருவர் ஒரே வாசலில் வந்து நின்றார்கள்.

தீர்மானத்துக்கும் சட்டத்துக்கும் இடையே நெடுந்தூரம் இருந்தது. 1937-இல் டாக்டர் தேஷ்முக் கொண்டு வந்த சட்டம் விதவைக்கு மகனோடொத்த பங்கை, ஆயுட்கால உரிமையாகக் கொடுத்தது. மகளுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. விவசாய நிலத்துக்கு அச்சட்டம் செல்லாது என்று 1941-இல் பெடரல் கோர்ட்டு சொல்லிவிட்டது. ஏரிப் பாசன நெல் வயலையே சொத்தாகக் கொண்ட செங்கற்பட்டு ஜில்லாவில் வயலை விலக்கிவிட்டால் மிஞ்சுவது என்ன? 1947-இல் சென்னை மாகாணம் தனிச் சட்டம் இயற்றி அக்குறையை நீக்கிற்று. பின்னர் இந்து சட்டத் தொகுப்பு மசோதாவுக்காக டாக்டர் அம்பேத்கர் பெரும்பாடுபட்டார். அது தடைப்பட்டதும், அவர் 1951-இல் மந்திரி பதவியைத் துறந்ததற்கு ஒரு காரணமாயிற்று. 1956-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. பெண்ணின் ஆயுட்கால உரிமை முழு உரிமையாயிற்று. தந்தையின் தனிச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு கிடைத்தது. ஆனால் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை மகனுக்கே நின்றது.

அதன் பொருளை ஒரு கணக்கால் விளக்குவோம். தாயை இழந்த ஒரு குடும்பம். தந்தை, இரு மகன்கள், ஒரு மகள். பூர்வீக நிலம் 9 ஏக்கர். 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தந்தை உயிலின்றி இறந்தால், முதலில் தந்தைக்கும் மகன்களுக்குமாகத் தலைக்கு 3 ஏக்கர். பின்னர் தந்தையின் 3 ஏக்கர் மூன்று பிள்ளைகளுக்கும் ஒவ்வொன்று. ஆக மகனுக்கு 4 ஏக்கர். மகளுக்கு 1 ஏக்கர். மகளுக்கும் பிறப்புரிமை உண்டென்றால் மூவருக்கும் மும்மூன்று ஏக்கர். சட்டத்தின் ஒரு சொல்லில் இரண்டு ஏக்கர் அடங்கியிருந்தது.

அந்த இரண்டு ஏக்கரைத் தமிழ்நாட்டு மகளுக்குக் கொடுத்தது முதலமைச்சர் மு. கருணாநிதி காலத்தில் வந்த திருத்தச் சட்டம். 1989 மார்ச் 25 முதல் அது அமலுக்கு வந்தது. செங்கற்பட்டுத் தீர்மானத்தின் நிறைவேற்றம் என்றே அதனை அவர் எடுத்துரைத்தார். இடையில் 60 ஆண்டுகள் கழிந்திருந்தன. அந்நாளுக்கு முன் மணமாகிவிட்ட பெண்களுக்கு அது பயன்படவில்லை. 2005 செப்டம்பர் 9-இல் அமலான மத்தியச் சட்டத் திருத்தம், மணமானவள் ஆகாதவள் என்ற பேதத்தை ஒழித்து, மகளும் பிறப்பால் பங்காளியே என்றது. அத்தேதியில் தந்தை உயிரோடிருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் சுப்ரீம் கோர்ட்டு தெளிவாக்கிற்று. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2022-இல் அதே கோர்ட்டு, 1956-க்கு முன் இறந்த தந்தையின் சுயார்ஜிதச் சொத்துக்கும் மகள் வாரிசாகலாம் என்று பழைய தர்ம சாஸ்திரங்களை ஆராய்ந்து தீர்ப்பளித்தது.

சட்டம் கொடுத்ததைக் கை கொடுக்கிறது

இத்தனை பேர் இத்தனை காலம் உழைத்துப் பெற்ற உரிமை, வேப்ப மரத்தடியில் ஐந்து நிமிஷத்தில் கைமாறிப் போகிறது. மனமுவந்து கொடுப்பதைச் சட்டம் தடுக்காது, தடுக்கவும் கூடாது. மனம் உவந்ததா என்பதே கேள்வி.

சகோதரர் பக்கத்திலும் நியாயம் உண்டு. பெற்றோரை வைத்துக் காப்பாற்றியவர் அவர். அக்காளின் கலியாணக் கடனை அடைத்தவரும் அவராகவே இருக்கலாம். அப்படியானால் அக்கணக்கை மறைப்பானேன்? பாகப் பிரிவினைப் பத்திரத்தில் எல்லோர் பெயரையும் எழுதி, செலவையும் எழுதி, மிச்சத்தைப் பங்கிடலாமே. "கலியாணத்தின் போதே செய்தாயிற்று" என்பது மட்டும் கணக்காகாது. வரதட்சணை கொடுப்பதும் வாங்குவதும் 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மாப்பிள்ளை வீட்டார் வாங்கிக்கொண்ட பணத்தை மகளின் பங்கில் கழிப்பது எந்த ஊர் நியாயம்?

சகோதரி ஏன் கையெழுத்திடுகிறாள்? அறியாமையால் என்று சொல்லிவிடுவது எளிது. நாம் அறிந்தவரை, பலர் அறிந்தே இடுகிறார்கள். இடாவிட்டால் பொங்கல் சீர் வராது. பேத்தியின் காதுகுத்துக்குத் தாய்மாமன் வந்து நிற்கமாட்டான். கணவன் வீட்டில் ஒரு சொல் கேட்டால் போய் ஒதுங்கப் பிறந்த வீட்டுத் திண்ணை இராது. பிறந்த வீட்டுக்கு வந்து போகும் உரிமைக்கு அவள் நிலத்தை விலையாகக் கொடுக்கிறாள். மகன் நிலத்தையும் வைத்துக்கொண்டு வீட்டிலும் இருக்கலாம். மகள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்பதுதான் இன்று எழுதப்படாமல் வழங்கும் சட்டம். முஸ்லிம் குடும்பங்களிலும் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் பாகத்தின் அளவு வேறு; ஆனால் இந்த எழுதாச் சட்டம் மதம் பார்ப்பதில்லை.

இதை வாசிக்கும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள். விட்டுக்கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. தந்தையின் சுயார்ஜிதச் சொத்தை, அவர் உயிரோடிருக்கையில், வருங்கால வாரிசு என்ற நம்பிக்கையை மட்டும் வைத்து ஒருவர் மாற்றிக் கொடுக்க முடியாது என்று 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டமே கூறுகிறது. ஆகவே அவசரத்துக்கு இடமில்லை. ரிஜிஸ்தர் ஆன பத்திரத்தை மாற்றுவதோ பெரும்பாடு. தம்பிக்குக் கொடுக்கத்தான் மனமென்றால், முதலில் உங்கள் பாகம் எவ்வளவு, அதன் மதிப்பு என்ன என்று தெரிந்துகொண்டு கொடுங்கள். அளவு தெரிந்து கொடுத்தால்தான் அது தானம்.

சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அந்த அம்மாள் தம் தம்பியிடம் சொத்துக் கேட்கவில்லை. பத்திரத்தைப் படித்துக் காட்டு என்று மட்டுமே கேட்டார். அவ்வளவாவது செய்யுங்கள். கச்சேரிக்கு அழைத்துச் செல்லும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே பத்திர நகலை அக்காள் வீட்டுக்குக் கொண்டு போய்க் கொடுங்கள். அவர் படிக்கட்டும், பிள்ளைகளோடு கலந்து பேசட்டும். அதன் பிறகும் அவர் கையெழுத்திட வந்தால் மகிழ்ச்சியோடு பெற்றுக்கொள்ளுங்கள். வராவிட்டால், வருகிற பொங்கலுக்கும் சீர்த் தட்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டு வாசலில் போய் நில்லுங்கள்.